பின் சக்கரத்து வெள்ளைக் கோடு

கடகடகடவென்று இரும்பு இழுபடும் சத்தம்!

கினுயோவின் கையிலிருந்த கரண்டி மிசோ சூப்புக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தை அவள் கேட்டு இருபத்தேழு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது... கொட்டகை ஷட்டர்!

அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, கால் ஒன்றில் தன் செருப்பும் மற்றதில் கணவர் செருப்புமாகப் பின்வாசலுக்கு ஓடினாள்.

கான்ஜி இரண்டு கைகளாலும் ஷட்டரைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். துரு அவர் நரைத்த தலையில் மிளகாய்த்தூள் போல உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே, தார்ப்பாய் போர்த்திய மோட்டார் சைக்கிள்.

"என்னங்க... என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? அந்தக் கட்டையை எடுத்து முட்டுக் குடு. கை விட்டுப்போகுது."

"அம்மா இதைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க..."

"அம்மாவோட முதல் வருஷ நினைவு நாளும் முடிஞ்சாச்சு. நானும் வேலையிலிருந்து ஓய்வு வாங்கியாச்சு. இன்னும் என்ன? மே மாசம் பட்டத் திருவிழாவுல, புதுசாப் பிறந்த பேரனுக்கு முதல் பட்டம் விடப்போறோம். அதுக்குள்ள வண்டியைப் பிரிக்கணும்."

"ஒரு மாசத்துல இதை ஓட வச்சிட முடியுமா?"

"ஓடாட்டிப் போகுது. பிரிச்சுப் பார்த்துட்டாப் போதும்."

கினுயோ கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டால்... அவ்வளவுதான். இத்தனை வருடம் அவள் வாயை மூடிக் காப்பாற்றியதெல்லாம் போயிற்று!

ஹமமட்சு ஊரில் மோட்டார் சைக்கிள் தெரியாத வீடு கிடையாது. பாதித் தெரு தொழிற்சாலைக்குப் போகும், மீதித் தெரு தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்யும். 1969-இல் வந்த இந்த இரட்டை சிலிண்டர் வண்டியைக் கான்ஜி தன் முதல் போனஸில் பழசாக வாங்கினார். அதை ஆசையாக ஓட்டியது என்னவோ அவருடைய தம்பி இசாமுதான். இருபத்திரண்டாவது வயதில், பட்டத் திருவிழா காலையில், கடற்கரை மணல்மேட்டுச் சாலையில் இதே வண்டியிலிருந்து விழுந்து செத்துப்போனான்.

"சாலையில் மணல். வேகம் அதிகம்." விசாரித்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

"அவனுக்குச் சாவியை யார் குடுத்தது?" மாமியார் அன்று கேட்டது அந்த ஒரே கேள்விதான்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் கினுயோ. மடியில் எழுபது நாள் குழந்தை.

அன்று தொடங்கியது. மாமியார் அவள் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை. படுத்த படுக்கையாகி, மலமும் மூத்திரமும் கினுயோ எடுத்த அந்தக் கடைசி மூன்று வருடங்களில்கூட, டீயை மட்டும் மகள் டோமிகோ வந்து ஊற்றினால்தான் குடிப்பாள்.

அந்த டோமிகோ இப்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கான்ஜியின் அக்கா. புருஷனை இழந்தவள். அடுத்த தெருவில் இருந்தாலும் இந்த வீட்டுச் சத்தம் எதுவும் அவள் காதுக்குத் தப்பாது. கையில் மண்ணோடு மூங்கில் குருத்து.

"ஷட்டர் சத்தமா அது? நான் நிலநடுக்கம்னு நெனச்சு மேஜைக்கு அடியில பூந்துட்டேன்டா!" என்றவள், தார்ப்பாயைப் பார்த்ததும் முகம் மாறினாள். "ஐயோ... இசாமுவோட வண்டி."

"பிரிக்கப் போறேன்க்கா."

"பிரி. நல்லாப் பிரி. அவன் தொட்ட வண்டி, இப்படிக் குப்பையாக் கிடக்கலாமா?"

"வேணாம் அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் கினுயோ. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பழைய இரும்புக்காரர் வியாழக்கிழமை வருவாரு. குடுத்துரலாம். பார்க்கப் பார்க்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு..."

டோமிகோ குருத்துகளைக் கல்மேல் 'டொம்'மென்று வைத்தாள்.

"உனக்கா கஷ்டம்? சாவியை எடுத்து நீட்டின கைக்கா கஷ்டம்? நீ மட்டும் அன்னிக்குக் குடுக்காம இருந்திருந்தா, என் தம்பிக்கு இன்னிக்கு நாப்பத்தொம்பது வயசு. மண்டையில வழுக்கை விழுந்து, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு இருந்திருப்பான். இப்ப வண்டியையும் இரும்புக்காரனுக்குப் போடணுமா? அவன் போட்டோவையும் சேர்த்துப் போட்டுரு!"

கினுயோ தலையைக் குனிந்துகொண்டாள்.

கான்ஜி எப்போதும் போல ஒன்றும் சொல்லவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பானர்களை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

*

அந்த வண்டியின் பின் சக்கரத்தில் ஒரு நட் இல்லை. அது கினுயோவிடம் இருந்தது.

பின் பிரேக் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு நீளக் கம்பி உண்டு. அதைப் பூட்டுவது ஒரு நட், அது கழலாமல் இருக்க ஒரு சின்ன ஊசி. இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் நட் இல்லாவிட்டால் கம்பி நழுவும். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் அப்படியே இறுகிப்போகும்!

அந்த வருடத் திருவிழாவின் முதல் நாள் மாலை. மறுநாள் தம்பி எடுத்துப் போகட்டும் என்று கான்ஜி பின் பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கம்பியை மாட்டியாயிற்று. நட்டைப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது தெரு முனையில் கொம்புச் சத்தம். "ஓய்ஷோ! ஓய்ஷோ!" தெருக்காரர்கள் ஐம்பது பேர், நீல மேலங்கியும் லாந்தருமாக, தலைச்சன் பிறந்த வீடு என்று இவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தகப்பன் சாகே மது ஊற்றாவிட்டால் எப்படி? கான்ஜியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது நடக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் மதியம் இசாமு பிணமாக வந்தான்.

அழுகைக்கு நடுவே கொட்டகைக்குள் எதையோ எடுக்கப் போன கினுயோ, பலகைமேல் ஒரு தகர மூடியைப் பார்த்தாள். அதில் ஒரு நட். ஒரு ஊசி. பக்கத்தில் மூடி திறக்காத வெள்ளைப் பெயின்ட்.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கான்ஜி தொழிற்சாலையில் செய்த வேலையே அதுதான். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மேலும் மெல்லிய தூரிகையால் வெள்ளைக் கோடு இழுப்பார். போல்ட்டில் தொடங்கி, நட்டைக் கடந்து, கீழே இருக்கும் இரும்பு வரை ஒரே கோடு. நட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "என் கோடு இருந்தா என் கையெழுத்து மாதிரி" என்பார். ஒருமுறை ஒரே ஒரு வண்டியில் கோடு விட்டுப்போயிற்று என்று தெரிந்து, மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன்!

அவருக்கு இது தெரிந்தால்...?

நட்டையும் ஊசியையும் இடுப்பில் முடிந்துகொண்டாள். வண்டி கொட்டகையில் சாவியோடுதான் நின்றிருந்தது என்று யாராவது சொன்னால், ஏன் நின்றது, யார் பிரித்தது என்று பேச்சு பிரேக் வரைக்கும் போகும். அதனால்தான் மாமியார் கேட்டதும் முந்திக்கொண்டாள். நான்தான் குடுத்தேன்.

கான்ஜி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. குடித்த மயக்கத்தில் முதல் நாள் நடந்தது எதுவுமே அவருக்கு நினைவில்லை என்று கினுயோ தினமும் தெய்வத்துக்கு நன்றி சொன்னாள்.

*

பத்து மணிக்கு இருக்கை கழன்றது. பதினோரு மணிக்குப் பெட்ரோல் டேங்க். கினுயோ துணி உலர்த்தும் சாக்கில் நாலு தடவை, டீ கொடுக்கும் சாக்கில் மூன்று தடவை கொட்டகைக்குப் போய்விட்டாள்.

"இன்னிக்கு எனக்கு வயிறு முழுக்க டீயாத்தான் இருக்கு" என்றார் கான்ஜி. "உனக்கு என்ன, காலுல சக்கரம் கட்டியிருக்கா?"

"முன்பக்கத்தையே பாருங்களேன். பின்பக்கம் அப்புறம் பார்த்துக்கலாம்..."

"முன்பக்கம்தானே பார்க்குறேன்!"

உண்மைதான். கார்புரேட்டரைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் துடைத்தார். துடைத்ததையே எடுத்துத் துடைத்தார். எழுந்து நடந்தார். பின் சக்கரத்துக்கு அருகில் போனார், நின்றார், திரும்பி வந்து முன் விளக்கைத் துடைத்தார்.

ஒரு மணிக்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"துரு இளக்குற எண்ணெய் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போய்ட்டு வர்றேன். அரை மணி நேரம்."

சைக்கிள் மணி தெருமுனையில் மறைந்தது. கினுயோ சமையலறைக்குப் பறந்தாள். மேல் தட்டு, ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால், தேயிலை டப்பா. பருத்தித் துணியில் சுற்றி வைத்த நட், வாங்கிய அன்று போலப் பளபளத்தது.

கொட்டகை சிமெண்டில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயதில்! வளைந்து தொங்கிய கம்பியை முழங்காலால் அழுத்தித் துளைக்குள் ஏற்றினாள். நட்டைத் திருகினாள். ஊசியைச் செருகி, அதன் இரண்டு முனைகளையும் விரித்து மடக்கினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது... பொருட்படுத்தவில்லை. கருவிப் பெட்டியில் அவருடைய வெள்ளைப் பெயின்ட். கணவர் செய்வதை ஆயிரம் தடவை பார்த்தது போலவே, போல்ட்டில் தொடங்கி, நட்டைக் கடந்து, இரும்பு வரை... ஒரு கோடு.

தரையிலிருந்த புழுதியை அள்ளி அதன்மேல் ஊதினாள். எழுந்து கை கழுவவும் சைக்கிள் மணி கேட்கவும் சரியாக இருந்தது.

கான்ஜி எண்ணெய் டப்பாவோடு வந்தார். இந்த முறை முன்பக்கம் போகவில்லை. நேராகப் பின் சக்கரத்தின் அருகில் மண்டியிட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கட்டைவிரலால் நட்டைத் தடவினார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நுனியில் வெள்ளை!

"கினுயோ."

"என்னங்க..."

"இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நீங்கதான். வேற யாரு போடுவா? எப்பவும் நீங்கதானே..."

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பெயின்ட் இன்னும் காயலையா?"

அவள் விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சுத்தி இருக்குற இரும்பு எல்லாம் துரு தின்னு கிடக்கு. இந்த நட் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது. எங்க இருந்துச்சு இது?"

"தேயிலை டப்பாவுல..." என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள். அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, ரத்தம் காயாத விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க... இதை உங்க கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான்... தூக்கி ஆத்துல போடவும் மனசு வரலை. எத்தனை தடவை பாலம் வரைக்கும் கொண்டுபோயிட்டுத் திரும்பி வந்திருக்கேன் தெரியுமா!"

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இருந்திருப்பீங்களா? ஒரு கோடு விட்டுப்போனதுக்கே மூணு நாள் செத்தவன் மாதிரி கிடந்தீங்க. தம்பியை நாமே அனுப்பிட்டோம்னு தெரிஞ்சா...? கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஒரே வாரத்துல ரெண்டு சாவை நான் பார்க்கணுமா? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாங்க. திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை..."

கான்ஜியின் கையிலிருந்து எண்ணெய் டப்பா உருண்டது. சிமெண்டில் எண்ணெய் வழிந்துகொண்டே போனது. எடுக்கத் தோன்றவில்லை இருவருக்கும்.

"அடேயப்பா, இதென்ன கோலம்?"

டோமிகோ! வேகவைத்த மூங்கில் குருத்தோடு கிண்ணத்தை ஏந்தி நின்றாள். அழும் கினுயோவைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"காலையில ஒரு அழுகை, மதியம் ஒரு அழுகை. இப்ப என்ன? வண்டியை நகர விடமாட்டேங்குறாளா? பண்றதெல்லாம் பண்ணிட்டு, கண்ணுல மட்டும் குழாயைத் திறந்து விட்டுருவா..."

கான்ஜி தொப்பியைக் கழற்றினார். நாலடி நடந்து கினுயோவின் முன்னால் வந்தார். எண்ணெய் ஊறிய சிமெண்டில் இரண்டு முழங்காலும் பட மண்டியிட்டு, கைகளை ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தார்.

"டேய்! என்னடா இது! பொண்டாட்டி முன்னால போய்... எந்திரிடா, யாராவது பார்க்கப் போறாங்க!" என்று அலறினாள் டோமிகோ.

"ஐயோ, எழுந்திருங்க... வேணாங்க... எழுந்திருங்க!" கினுயோ பதறிப்போய் அவர் தோளைப் பற்றித் தூக்கப் பார்த்தாள். அவர் அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்காமலேயே அவர் பேசினார்.

"அக்கா... பிரேக்கைப் பாதியில விட்டவன் நான். சாவியை வண்டியிலயே விட்டுட்டுக் குடிக்கப் போனவனும் நான். அது எனக்கு அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சுக்கா... 'நான்தான் குடுத்தேன்'னு இவ சொன்னது பொய்னு தெரிஞ்சேதான், இருபத்தேழு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"