பிரெஞ்சு மேஜைக்குள் ஒரு கடிதம்

போன் அலறியது.

கையிலிருந்த மெழுகுத் துணியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள் அவள். ஏலக் கம்பெனியின் பட்டறையில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பவள். மணி காலை பதினொன்று.

"உன் புருஷன் இப்ப எங்கே இருக்கான் தெரியுமா?"

ஆண் குரல். கட்டைக் குரல்.

"டியூட்டியில இருப்பார்... பஸ் டிரைவர்... நீங்க யாரு?"

"இன்னிக்கு அந்த பஸ் ஓடாது. டிரைவர் என் கார் டிக்கியில மடங்கிக் கெடக்கான். பேசறியா?"

"ஏம்மா... இவன் என்ன சொன்னாலும் கேக்காதே..." புருஷனின் குரல்.

தொம்!

ஒரு முனகல்.

"ஐயோ... அவரை அடிக்காதீங்க! என்ன வேணும்?"

"உன் பட்டறையில ஒரு பிரெஞ்சு எழுதுமேஜை நிக்குதில்ல? அதுல ஒரு ரகசிய அறை. உள்ளே ஒரு கடிதம். பன்னெண்டு மணிக்கு என் கையில இருக்கணும். போலீசுக்குப் போனே... அப்புறம் உன் புருஷனை போட்டோவுலதான் பாப்பே!"

கட்.

மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

இருநூற்றைம்பது வயது. பிரான்ஸ் தேசத்து மாஸ்டர் ஒருவரின் கைவண்ணம். பலகை முழுக்க மரச்சீவல்களாலேயே இழைத்த ரோஜாக்கள். பித்தளை விளிம்புகள். மேஜையின் உரிமையாளரான பெரியம்மா பத்து நாள் முன்பு மாரடைப்பில் போய்விட, வக்கீல் அதை ஏலத்துக்கு அனுப்பியிருந்தார்.

டேப்பை எடுத்து அளந்தாள். வெளியே இரண்டடி ஆழம். உள்ளே இழுப்பறையின் ஆழம் ஒன்றரை அடி!

மீதி அரையடி எங்கே?

பித்தளைப் பூக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அசையவில்லை. சாவித்துவாரத்தில் கம்பி விட்டாள். ஊஹூம். அடியில் படுத்து டார்ச் அடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

பதினொன்று முப்பது. மறுபடி போன்.

"கெடைச்சுதா?"

"விசையைத் தேடிக்கிட்டே இருக்கேன்... உங்க கால்ல விழறேன், இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க..."

"அவன் பல்லு ஒண்ணு என் கையில இருக்கு. இன்னும் முப்பத்தொண்ணு இருக்கும்னு நெனைக்கிறேன். எண்ணட்டுமா?"

கட்.

"கடவுளே...!"

உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். இருபது வருஷத் தொழிலில் எந்த மரத்துக்கும் அவள் செய்யாத காரியம்!

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

படார்!

ரோஜாக்கள் சிதறின. பின்பலகை பிளந்தது. பிளவுக்குள் டார்ச் அடித்தாள்... பார்த்தாள்...

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வந்த நம்பருக்கே போன் செய்தாள்.

"எடுத்துட்டேன். பட்டறைக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்து இன்னொரு நம்பர். அமுக்கினாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். சலவைச் சட்டை. கூலிங்கிளாஸ்.

"எங்கே என் அத்தையோட கடிதம்?"

"உங்க அத்தையா? அந்தப் பெரியம்மாவா?"

"ஆமா. எல்லாத்தையும் எழுதி மேஜைக்குள்ள வெச்சிருக்கேன்டான்னு சாகறப்ப சிரிச்சா. நான் தேடறதுக்குள்ள வக்கீல் தூக்கிட்டான். குடு!"

"முதல்ல என் புருஷன்!"

"வாசல்ல கார்ல இருக்கான். படிச்சியா?"

மடித்த காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ப... படிச்சேன். அவங்க பால்ல நீங்க தினமும் விஷம் கலந்தீங்களாம்..."

அவன் முகம் கோணியது.

"பாலா? கிழவிக்குப் பால் வாசனையே ஆகாதே! காபியிலடி கலந்தேன்! இருபத்திரெண்டு நாள்! சாகப்போற நேரத்துலயும் ஒழுங்கா எழுதத் தெரியலை பாரு!"

"இருபத்திரெண்டா?" என்றது மூலையிலிருந்த பழைய மர அலமாரி.

அதன் கதவு திறந்தது. கையில் துப்பாக்கியோடு பெண் இன்ஸ்பெக்டர்! பின்வாசலிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள்.

அவன் வெறியோடு அவள் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் பிரித்தான்.

வெற்றுத் தாள்! ஒரு எழுத்துகூட இல்லை!

"கடிதம்... கடிதம் எங்கேடி?"

"அறை காலியாத்தான் இருந்துச்சு," என்றாள். "உங்க அத்தை சும்மா பயமுறுத்திட்டுப் போயிருக்காங்க. ஒரு கடிதத்துக்காக ஆளையே கடத்தினீங்கன்னா, அந்த மாரடைப்பு விஷத்தாலதான்னு குத்துமதிப்பா சொன்னேன். மீதியை நீங்களே சொல்லிட்டீங்க."

விலங்கு 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது.

டிக்கியிலிருந்து புருஷனைத் தூக்கி வந்தார்கள். உதட்டில் ரத்தம். அவனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவன் அவள் தோளுக்கு மேலாகப் பிளந்து கிடந்த மேஜையைப் பார்த்தான்.

"அடிப்பாவி! இதையா ஒடைச்சே? என்னை மாதிரி நூறு பேரை வித்தாலும் இதை வாங்க முடியாதே!"

"மேஜையை ஒட்டிடலாங்க," என்றாள் அவள் அழுகைக்கு நடுவே. "புருஷனை ஒட்டற பசையை இன்னும் எவனும் கண்டுபிடிக்கலை!"