பதினான்காவது மீட்டர்

டங்!

கைச்சுத்தியல் கான்கிரீட்டில் விழுந்த சத்தத்துக்கு முகேஷ்குமார் துள்ளி விழுந்தான். அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துதான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சார், இம்புட்டுச் சத்தத்துக்கேவா?" என்று சிரித்தாள் ரஃபியா.

பேகம்பூர்ப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். உச்சி வெயில். திண்டுக்கல்லின் முதல் மேம்பால ரயிலுக்காக மண்ணுக்குள் இறக்கிய தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது ரஃபியாவின் வேலை. தூணின் தலையில் கருவியை மெழுகு வைத்து ஒட்டி, சுத்தியலால் ஒரு தட்டு. சத்தம் அடிவரை போய்த் திரும்பினால் நல்ல தூண். பாதியிலேயே திரும்பினால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இந்தத் தூணுக்குள் என்ன இருக்கிறது என்று முகேஷ்குமாருக்குத் தெரியும்.

பதினோரு நாளைக்கு முன்னால், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, தொழிலாளி ஒச்சப்பன் கால் வழுக்கி, இந்தத் தூணுக்காகத் தோண்டியிருந்த குழிக்குள் விழுந்தான். கலவை லாரிகள் வரிசையாக நின்றன. அன்றைக்கு வேலை நின்றால் சைட் இன்ஜினியர் முகேஷ்குமாரின் வேலையும் போய்விடும். விழுந்த வேகத்திலேயே உயிர் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். குழி நிறைந்தது. ஒச்சப்பன் சொல்லாமல் கொள்ளாமல் வேடசந்தூர் மில்லுக்குப் போய்விட்டான் என்று எல்லாரையும் நம்ப வைத்தான்.

ஒச்சப்பன் மனைவி மாயம்மாள் மட்டும் நம்பவில்லை. தினமும் வந்து தகரத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்துவிடுவாள். "செருப்பையும் போனையும் இங்க போட்டுட்டு எந்த மில்லுக்கு சார் போனாக?" என்று கேட்பாள். இன்றும் உட்கார்ந்திருந்தாள்.

"சார், பதினாலாவது மீட்டர்ல ஏதோ இருக்கு," என்றாள் ரஃபியா.

"மண்ணு சரிஞ்சிருக்கும். பாஸ்னு போட்டுட்டுப் போம்மா."

"பரீட்சைப் பேப்பரா சார், பாவம் பாத்துப் பாஸ் போட? உடைச்சுப் பாக்கணும்னுதான் எழுதுவேன்."

உடைத்தால் தீர்ந்தது கதை. ஜெயில்தான்.

"இன்னொரு தடவை தட்டு."

டங்.

ரஃபியா திரையை உற்றுப் பார்த்தாள். "பதினொண்ணு காட்டுது."

"பாத்தியா, மெஷின் கோளாறு."

"காலைலருந்து ஆறு தூணுக்குச் சரியாத்தான சொல்லுச்சு?" மறுபடி தட்டினாள். "எட்டு." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "சார்... இறுகிப்போன கான்கிரீட்டுக்குள்ள எது சார் நகரும்?"

வெயில் சுள்ளென்று அடித்தது. முகேஷ்குமாரின் முதுகில் மட்டும் குளிர் ஓடியது. எங்கிருந்தோ பச்சைச் சிமெண்டின் ஈர வாடை.

"போதும் சார். கிளம்பிருவோம்."

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மேலே ஏறுகிறது. ஏறி வெளியே போய்விட்டால்? தூண் சுத்தம். யாரும் உடைக்க வேண்டாம்.

சுத்தியலை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

டங்.

ஐந்து.

டங்.

இரண்டு.

"வேணாம் சார், அல்லாவுக்காக நிறுத்துங்க!"

டங்.

உள்ளங்காலுக்கு நேர் கீழே யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

டங்!

திரையில் கோடு தங்குதடையின்றி அடிவரை போய்த் திரும்பியது.

"சுத்தமா இருக்கா?"

"இ... இருக்கு சார்."

"எழுது! பாஸ்!" முகேஷ்குமார் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. ரஃபியா பின்னோக்கி நடந்து விலகிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் அவனுக்குப் பின்னால் குத்திட்டிருந்தன.

ஓடப் பார்த்தான். பூட்ஸ் தரையை விட்டு எழவில்லை.

வலது தோளில் சில்லென்று ஒரு கனம் இறங்கியது. சாம்பல் நிறச் சேறு சட்டையில் வழிந்தது. மார்பைச் சுற்றியது. சுற்றச் சுற்ற இறுகியது. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விட இடமில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாயம்மாள் எழுந்து நின்றாள். பதினோரு நாளில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கயிறு போடுங்க சார்னு கத்துனாகளாமே... குழிய எட்டிப் பாத்துட்டுத்தான் லாரிய வரச் சொன்னீகளாமே?"