இடம் மாறிய சட்டைப்பை

இந்தக் காலத்தில் எவன் வேலையை ஒழுங்காகச் செய்கிறான்? சட்டை தைக்கிறவன் பையை அக்குளில் கொண்டுபோய் வைக்கிறான். ரத்தம் பார்க்கிறவன் ஒரே ரத்தத்துக்கு இரண்டு பதில் சொல்கிறான். மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் துழாவியபடி இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு கொம்பன் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்துப் பட்டப்பெயர் அது. சர்க்கரை நோய் வந்தும் பெயர் போகவில்லை. பின்னால் அவர் மனைவி, ரவிக்கை தைக்கிற தையல்காரி, வந்தாள்.

“டாக்டரம்மா, பழைய டெஸ்ட் கிட்னி நல்லாருக்குன்னுது. நீங்க புதுசா எழுதினது பாதி போச்சுன்னுது. இதுல எது புளுகு? அது தெரியாம ஒரு மாத்திரையும் முழுங்க மாட்டேன்.”

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. “உட்காருங்க. புளுகினது யாருன்னு பார்த்துடுவோம்.”

துப்புத் துலக்குவதென்றால் நர்ஸுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பிரஷர் பட்டையை அவர் புஜத்தில் சுற்றினாள். தொளதொளவென்று ஆடியது. சின்னப் பட்டையை எடுத்துவந்து சுற்றிக்கொண்டே, “மேடம், லேப்ல ரத்தம் மாறியிருக்கும்!” என்றாள்.

லேப்காரரை வரவழைத்தார்கள். “ஒரே குழாய் ரத்தம்தாங்க. எனக்கே சந்தேகம் வந்து ரெண்டாம் தடவையும் போட்டேன். அதே பதில்தான்.”

“மூட்டையை மாத்திப் போட்டவன் எவன் ஒத்துக்கிட்டான்?” என்றார் கொம்பன்.

“வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாரா? தைராய்டு இருக்கா? அதெல்லாம் புது டெஸ்டைக் குழப்பும்,” என்று டாக்டர் கேட்டார். மனைவி இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ கேளுங்க. பழைய டெஸ்ட் பார்க்கிறது கிரியாட்டினின். அது சதையில இருந்து வர்ற குப்பை. கிட்னிதான் அதைக் கூட்டி வெளியே தள்ளும். ரத்தத்துல குப்பை ஏறினா கிட்னி சுணங்குதுன்னு கண்டுபிடிச்சிடுவோம். ஆனா வீட்டுல குப்பையே குறைஞ்சு போனா?”

“கூட்டுற ஆள் தூங்கினாலும் வீடு சுத்தமாத் தெரியும்!” என்று நர்ஸ் துள்ளினாள்.

“அதேதான். புது டெஸ்ட் பார்க்கிற சிஸ்டாட்டின் உடம்பு முழுக்க இருந்து வருது. சதை கூடினாலும் குறைஞ்சாலும் அது பெருசா அசையாது. அதான் உள்ளதைச் சொல்லிடுச்சு. பழையதும் புளுகல, குப்பை கம்மின்னு மட்டும்தான் சொல்லுச்சு.”

“ஆனா மேடம், இவர் எடை குறையவே இல்லையே?”

டாக்டர் குனிந்து கொம்பனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. “சதை போன இடத்துல தண்ணி வந்து உட்கார்ந்திருக்கு. தராசும் ஏமாந்துடுச்சு.”

கொம்பன் எகிறினார். “என் சதை எங்கே போச்சு? போன வருஷத்துச் சட்டை இன்னைக்கும் அளவெடுத்துத் தைச்ச மாதிரி நிக்குது, பாருங்க!”

“எனக்கும் அங்கேதான் இடிச்சுது. புஜத்துக்குச் சின்னப் பட்டை வேணும், சட்டை மட்டும் கச்சிதமா? கண்ணாடி எடுக்க உங்க கை ஏன் அக்குளுக்குப் போகுது? தைச்சவர் பையைச் சரியான இடத்துலதான் வச்சார். அப்புறம் யாரோ ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சிருக்காங்க.”

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“சட்டை தொங்கினா இவர் மனசும் தொங்கிடுங்க. தினம் கண்ணாடி முன்னாடி நின்னு, ‘இன்னும் கொம்பன்தான்டி’ன்னு சொல்வார். அதைக் கேட்கணும்னுதான்... இவர் குளிக்கப் போறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சேன்.”

கொம்பன் சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை தையல்! எல்லாம் பொடிப்பொடியாக, தோலில் உறுத்தாதபடி.

“கள்ளி,” என்றார்.

“இப்பவே மருந்தை ஆரம்பிச்சா மிச்சத்தை ரொம்ப நாள் காப்பாத்தலாம்,” என்றார் டாக்டர். “சிறுநீரும் பார்க்கணும். கேட்கிறப்பல்லாம் நழுவிடுறீங்க.”

“அதைப் போய் பொம்பளப் பிள்ளை கையில கொடுக்கிறதா?”

“காகிதம் சுத்திக் கொடுங்க தாத்தா, நான் கண்ணை மூடிக்கிறேன்,” என்றாள் நர்ஸ்.

கொம்பன் எழுந்தார். “குப்பையாம், கூட்டுறவனாம்! நல்லாத்தான் கதை கட்டுறீங்க. நான் நம்பல.” சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டையும், சிறுநீருக்கு நர்ஸ் நீட்டிய காலி டப்பாவையும் எடுத்து அக்குளுக்குப் பக்கத்திலிருந்த பைக்குள் திணித்துக்கொண்டார்.

வாசலில் மனைவிக்காக நின்றார். “வீட்டுக்குப் போனதும் தையலைப் பிரி.”

“பிரிச்சா தொளதொளன்னு தொங்குங்க.”

“தொங்கட்டும். பையாவது நெஞ்சுக்கு வந்து சேரட்டும்.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை வரைக்கும் புலம்பல் ஓயவில்லை: “ஒரே ரத்தமாம், ரெண்டு பதிலாம், ரெண்டும் நிஜமாம்! யார்கிட்ட?”