பிணம் அழுத்திய பட்டன்!

டெலிபோன் அலறியது.

அணுமின் ஆலையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... பழைய பம்ப் அறைக்கு ஓடி வாங்க! வால்வு இன்ஜினியர் படிக்கட்டுக்குக் கீழே... செத்துக் கிடக்கார்!"

ஓடினாள்.

மதியம் இரண்டு மணி. பம்ப் அறையில் மல்லாந்து கிடந்தார் இன்ஜினியர். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தினமும் தன் கதிர்வீச்சு மீட்டரை நீட்டி, "இன்னைக்கு எனக்கு எத்தனை மார்க் மேடம்?" என்று சிரிக்கிற மனிதர்...

பக்கத்தில் ஷிப்ட் தலைவர். அவளுடைய அக்காவின் கணவர். ஆலையை முழுத் திறனில், ஆயிரம் மெகாவாட்டில், நிறுத்தாமல் ஓட்டிப் பெயர் வாங்கியவர்.

"கால் தவறிடுச்சு, பாவம்!" என்று உச்சுக்கொட்டினார்.

அதற்குள் வந்து விசாரித்துக்கொண்டிருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் நோட்டை மூடப் போனார்.

"ஒரு நிமிஷம் சார்!"

அவள் பார்வை பிணத்தின் சட்டைப்பையில் குத்தி நின்றது.

மீட்டர்!

"அத்தான்... இது எப்படி இங்கே வந்துச்சு?"

"ஏன்... அவன்தான் கொண்டு வந்திருப்பான்!"

"இந்த அறை உலைப் பகுதிக்கு வெளியே இருக்கு. உள்ளே போனவங்க மீட்டரைத் திருப்பிக் கொடுத்தாத்தான் வெளிக்கதவு திறக்கும். இவர் கொடுக்கல. அப்ப அந்தக் கதவு வழியா இவர் வரவே இல்ல!"

இன்ஸ்பெக்டரின் நோட்டு மறுபடி திறந்தது.

"வேற வழி இருக்கா மேடம்?"

"சாமான் ஏத்தி இறக்கற இரும்புக் கதவு. சாவி..." அத்தானைப் பார்த்தாள். "ஷிப்ட் தலைவர்கிட்ட மட்டும்தான்."

ஐந்தே நிமிடம். மூன்று பேரும் அவளுடைய அறையில். மீட்டரை கம்ப்யூட்டரில் செருகினாள். நிமிடவாரியாக எண்கள் ஓடின.

"பத்து பத்துக்கு அளவு எகிறியிருக்கு... குழாய்க் கசிவு! பத்து நாற்பதுக்கு அப்புறம் பூஜ்யம். அதாவது, தூக்கிட்டு வந்துட்டாங்க."

அத்தானின் முகம் வெளிறியது.

"சொல்லிடறேன்... கசிவைப் பார்க்க ஏணியில ஏறினான். விழுந்துட்டான். நாடியே இல்ல! உள்ளே பிணம்னா விசாரணை வரும், கசிவு தெரிஞ்சுடும், உலையை நிறுத்தச் சொல்வாங்க... போன உயிர் போயிடுச்சு. நான் இடத்தை மட்டும்தான் மாத்தினேன். சத்தியமா!"

நம்பியிருப்பாள். அக்காவுக்காகவாவது நம்பியிருப்பாள்.

ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் மூன்று வரிகளைக் காட்டியது.

"அத்தான்... பட்டனை அழுத்தினா மீட்டர் பீப்னு கத்தும். நேரமும் பதிவாகும். பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்தஞ்சு. பதினொண்ணு நாலு..." குரல் உடைந்தது. "பம்ப் அறையில உயிரோட இருந்திருக்கார்! யாராவது வர மாட்டாங்களான்னு அழுத்திக்கிட்டே இருந்திருக்கார்!"



"தெரியும்," என்றார் அத்தான்.

"எ... என்ன?"

"ரெண்டாவது பீப் வரைக்கும் நான் அங்கேதான் நின்னேன். கண்ணைத் திறந்து, 'உலையை நிறுத்துங்க சார்'னான். பிழைச்சா ஊர் முழுக்க அதைத்தான் சொல்வான்..."

"அதனால?"

"கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

அவள் பாய்ந்து இன்டர்காமை எடுத்தாள்.

"கன்ட்ரோல் ரூம்? பாதுகாப்பு அதிகாரி பேசறேன். முதன்மைக் குழாயில கசிவு! மூணு மணி ஷிப்டுல அங்கே வேலைக்குப் போகவேண்டிய ஆறு பேரையும் தடுத்து நிறுத்துங்க. உலையை நிறுத்துங்க... இப்பவே!"

"ஐயோ, முழு லோடு ஓடுது! பாவி, உங்க அக்காகிட்ட என்னடி சொல்வே?" என்று கத்தினார் அத்தான்.

"நீங்க சொன்னதை அப்படியே சொல்வேன்," என்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

தூரத்தில் டர்பைனின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

க்ளிக்! அத்தானின் கையில் விலங்கு பூட்டிக்கொண்டது.

"நடங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க ஜெயில் கட்டடத்துல கசிவுங்கிற பேச்சுக்கே இடமில்ல. உள்ளே போனது லேசுல வெளியே வராது!"