காயாத மண்

பின்னறையில் பரப்பியிருந்த மண்ணெல்லாம் காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்டு, விரலால் நொறுக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. சன்னலோரத் தட்டில் இருந்தது மட்டும் காயவில்லை.

அஜிதா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களிமண் கூடுதலாக இருந்தால் ஈரம் மெல்லத்தான் இறங்கும் என்பது அவள் படித்த படிப்பு. தட்டை விசிறிக்கு நேர் கீழே நகர்த்திவைத்தாள். மே மாதக் கடைசி வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்கி அறையை வேகவைத்துக்கொண்டிருக்க, விசிறி கிறீச் கிறீச்சென்று வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்க, செய்தித்தாள்மேல் கிடந்த மற்றக் குளத்து மண்களிலிருந்து பொடி பறந்து சன்னல் கம்பியெல்லாம் படிய, அந்த ஒரு தட்டு மட்டும் இப்போதுதான் வாரி வந்தது போலக் கருகருவென்று மினுங்கியது. பாசியும் நத்தையும் அழுகிய தாமரை இலையும் கலந்த வாசனை. அதற்கடியில் இன்னொன்று, பழஞ்சோற்றின் புளிப்பு மாதிரி. அடுக்களையில் எதையோ மூடாமல் வைத்துவிட்டோம் என்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே ஒன்றுமில்லை.

அஜிதாவுக்குச் சொந்த ஊர் மேற்கே புதுக்கடை. நாஞ்சில் நாட்டுக் குளங்களின் வண்டல், அவற்றை நம்பி நடக்கிற பிழைப்பு, கரையில் இருக்கிற கோயில்கள், இந்த மூன்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் ஆய்வுக்காகப் பூதப்பாண்டியைத் தாண்டி வயற்காட்டு ஓரத்தில் வாடகைக்கு வந்திருந்தாள். முன்பகுதியில் வீட்டுக்காரி பார்வதியம்மாள், பின்பகுதியில் அஜிதாவும் நாலு வயது மகள் ஆதிராவும். கணவன் அனில்குமார் மஸ்கட்டில். ஆதிரா குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, பிழைக்குமா பிழைக்காதா என்று எல்லோரையும் அலைக்கழித்துவிட்டுப் பிழைத்த பிள்ளை. சோற்றுத் தட்டைக் கண்டாலே ஓடுவாள். அந்த உடம்பில் ஒரு சுற்றுச் சதை பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அஜிதா எந்தச் சாமியிடமும் கேட்ட ஒரே வரம். ஆய்வு, பட்டம், சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காயாத மண் மாறாங்குளத்து மண். அந்த ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். எத்தனை குடும்பம் தாமரை பறித்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறது, எந்த மாதம் வாத்துக்காரன் வருவான் என்று கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்லிச் சாயாவும் வாங்கிக் கொடுத்தார்கள். கோடையில் குளம் வற்றும்போது வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவது அங்கே வழக்கம். அள்ளி முடித்தவர்கள் கரையேறும் முன் கைகால் கழுவி, நகக்கண் வரை சுரண்டி, வேட்டியை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பொட்டு மண் ஒட்டியிருந்தாலும் வாசலைத் தாண்டமாட்டார்கள். மடைக்கல்லைச் சுற்றி யாரும் மண்வெட்டி போடுவதுமில்லை.

அஜிதா அங்கேதான் மண் மாதிரி எடுக்கும் குழாயை இறக்கினாள். வண்டல் அங்கேதான் ஆழம். வயலுக்கு வந்துகொண்டிருந்த பொன்னுலிங்கம் பார்த்துவிட்டு வரப்பிலேயே நின்றார். அதுவரை அவளிடம் சிரிக்காமல் பேசாத மனிதர்.

“அந்த மண்ண வீட்டுக்குள்ள ஏத்தாத, பிள்ள. வயலுக்குப் போட்டா அது நமக்குச் சோறு தரும். வீட்டுக்குள்ள ஏத்துனா நாம அதுக்குச் சோறு போடணும், கேட்டியா.”

வெயிலில் காயவைத்தால் மண்ணின் குணம் மாறிவிடும், நிழலில்தான் உலர்த்த வேண்டும் அண்ணாச்சி என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் சொன்னதை ‘ஊர் நம்பிக்கைகள்’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்தும் கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்றாளாம் ஒருத்தி. இவள் ஓணானுக்கு ஒரு எண்ணும் கொடுத்துத் தட்டில் வைக்கிற ரகம்.

மறுநாளிலிருந்து ஊர் மூடிக்கொண்டது. சாயாக்கடையில் அவள் போய் நின்றால் பாய்லர் அணைந்திருந்தது. தாமரை பறிக்கிற பெண்கள் அவளைக் கண்டதும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பால்காரி முத்துக்கனி வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டு வெளிக் கதவிலேயே பாத்திரத்தைத் தொங்கவிட்டுப் போனாள். பார்வதியம்மாள் மட்டும் முகத்துக்கு நேரே, மாசம் முடிஞ்சா காலி பண்ணிக்கோ என்றாள். காரணம் கேட்டதற்குப் பின்னறைச் சன்னலைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

ஊர்ப்பகையெல்லாம் அஜிதாவுக்கு உறைக்கவே இல்லை. ஏனென்றால் அதே நாட்களில்தான் ஆதிரா சாப்பிடத் தொடங்கியிருந்தாள். சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போவாள், கொஞ்ச நேரத்தில் வழித்து நக்கியது போலத் தட்டு திரும்பி வரும். இன்னும் வேண்டும் என்பாள். அஜிதா பூரித்துப்போய் அனில்குமாருக்குக் காலித் தட்டைப் படம்பிடித்து அனுப்பினாள். பிள்ளையின் விலா எலும்பு முன்னைவிடத் துருத்துவதை அவள் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

பிறகு கோடைமழை பெய்தது. விட்டு விட்டுப் பெய்து குளத்தில் மடைக்கல் பாதி முங்கும் அளவுக்குத் தண்ணீர் கட்டியது. அன்று மதியத்துக்கு மேல் மறுபடியும் வானம் கருத்து, கரண்டு போய், காற்று அடைத்துக்கொண்டது. ஆதிராவை அணைத்துப் படுத்திருந்த அஜிதா தன்னையறியாமல் கண்ணயர்ந்தாள். விழித்தபோது பக்கத்தில் பாய் வெறுமையாக இருந்தது. மழைக்கு முந்தைய தவளைச் சத்தமும் எங்கோ ஒரு டிராக்டர் சேற்றில் திணறுகிற சத்தமும் கேட்டன. அவற்றுக்கு நடுவே, பின்னறையிலிருந்து, யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுகிற சத்தம்.

ஆதிரா முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. மழை இன்னும் விழவில்லை. பக்கத்தில் மதியம் கொடுத்த சோற்றுத் தட்டு காலியாகக் கிடந்தது. மண்ணில் அங்கங்கே சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக அவை உள்ளே இறங்கின.

“யாருக்கு மோளே சோறு குடுத்தே?”

பிள்ளை திரும்பவில்லை. அஜிதா குனிந்தாள். மண்ணின் மேல் ஒரு சின்னக் கையின் அடையாளம். பிள்ளை கையை வைத்து அழுத்தியிருக்கிறாள் என்று நினைத்தாள். அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். இது மேடாக இருந்தது. அடியிலிருந்து யாரோ கையை வைத்துத் தள்ளியது போல ஐந்து விரலும் எழும்பி நின்றன. சுண்டுவிரல் அசைந்தது.

அவள் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பிள்ளையின் உடம்பு சில்லென்றிருந்தது. வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கெல்லாம் கறுப்பு. மண் தின்றிருக்கிறாள். பயத்தில் படிப்பு, மாதிரி, எண் எல்லாம் பறந்துபோயின. என் பிள்ளை எனக்கு வேண்டும், அந்த மண் இந்த வீட்டில் வேண்டாம், இது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சத்தம் கேட்டுப் பார்வதியம்மாள் முற்றத்துக்கு வந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படியும், தட்டைக் குளத்தில் கொட்டிவிட்டு ஓடி வந்துவிடுவதாகவும் அஜிதா கெஞ்சினாள். கிழவி பிள்ளையின் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“அதயும் கூட்டிக்கிட்டுப் போடி. இங்கன விடாத.”

கதவை உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

பின்னறைக்குப் போய் எடுத்தபோது தட்டு கனத்தது. ஒரு கையால் நகர்த்திவைத்த தட்டு. இப்போது இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் ஏற்றத்தான் முடிந்தது. வழக்கமாக ஆதிரா உட்காருகிற இடுப்பு அது. ஒரு கையால் தட்டை அணைத்து, மறு கையால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். நெற்பயிர் காற்றில்லாமல் நட்டுக்குத்தலாக நின்றது. கொக்கு ஒன்றுகூட இல்லை. தவளையும் நின்றுவிட்டது. மூச்சுக்கு முந்நூறு தடவை அது என்ன இது என்ன என்று கேட்கிற பிள்ளை, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்த கை வழுக்கிக்கொண்டே இருந்தது. இடுப்பில் இருந்த தட்டுதான் வெதுவெதுப்பாக இருந்தது.

குளக்கரையில் ஆட்கள் நின்றார்கள். பொன்னுலிங்கம், பால்காரி, தாமரைப் பெண்கள். அவள் வருவாள் என்று தெரிந்து நிற்பது போல நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை, அவள்தான் ஒதுங்கி இறங்கினாள். பிள்ளையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்குத் தாமரைப் பெண் ஒருத்தி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பிள்ளையைப் படியில் உட்காரவைத்துவிட்டு அஜிதா மடைக்கல் வரைக்கும் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. தட்டைக் கவிழ்த்தாள். மண் விழவில்லை. தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்தாள். அது விரலைப் பிடித்தது. உதறினாள். மறுபடியும் பிடித்தது. சின்னப் பிடி. பால்குடிப் பிள்ளை பிடிக்கிற பிடி.

“அம்மா.”

திரும்பிப் பார்த்தாள். ஆதிரா படியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதோ வந்துட்டேன் மோளே என்று குரல் கொடுத்துவிட்டு, அழுகையும் ஆத்திரமுமாகத் தட்டைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். நகத்தால் சுரண்டினாள். பிய்த்துப் பிய்த்துத் தள்ளினாள். தண்ணீருக்கடியில் அது துள்ளியது. விடவில்லை அவள். முழங்கையை ஊன்றி அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் துள்ளல் நின்றது. குமிழிகள் வந்தன. அவையும் நின்றன. தட்டு துடைத்தது போலச் சுத்தமாக மேலே வந்தது.

கரையேறும்போது பொன்னுலிங்கம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீ கொண்டு போனதத்தானா திருப்பித் தந்தே? நல்லாப் பாத்தியா?”

ஆமாம் அண்ணாச்சி, பொட்டு மிச்சமில்லை என்றாள். அவர் படியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் கரண்டு இன்னும் வரவில்லை. கைபேசி விளக்கை எரியவிட்டுக் குளியலறைச் சன்னலில் சாய்த்துவைத்துவிட்டு, அஜிதா பிள்ளையை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் கண்ணீர் தானாக வழிந்தது. நாளைக்கே ஊருக்குப் போய்விடலாம், ஆஸ்பத்திரியில் காட்டி மண் தின்றதற்கு மருந்து வாங்கலாம், ஆய்வு கிடக்கட்டும் என்று பிள்ளையிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. இன்னொரு கப் ஊற்றினாள். கறுப்பு. சோப்பைப் போட்டு முதுகைத் தேய்த்து மறுபடியும் ஊற்றினாள்.

தண்ணீர் தெளியவே இல்லை.

தேய்த்த கைக்கு எலும்பு தட்டுப்படவில்லை. அத்தனை நாளாகத் துருத்திக்கொண்டிருந்த விலா இல்லை. தோள்பட்டை வழவழவென்று இருந்தது. கையை எடுத்தாள். தோளில் ஒரு பகுதி கையோடு வந்தது.

பிள்ளை அழவில்லை.

அஜிதா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கருகருவென்ற களி. குளத்தில் அம்மா என்று கூப்பிட்ட குரல் நெஞ்சுக்குள் மறுபடியும் கேட்டது. படியில் இருந்தவளின் வாய் மூடியிருந்தது. கூப்பிட்டது அவளில்லை. கூப்பிட்டது தண்ணீருக்குள் இருந்தது. முழங்கையை ஊன்றி அழுத்தினாளே, அது.

பின்னால் நகர்ந்தாள், முதுகு சுவரில் இடித்தது.

எதிரே அது நின்றது. தண்ணீர் விழுந்த பக்கம் கன்னமும் காதும் கரைந்து வழவழப்பாகியிருந்தன. மறுபக்கம் ஆதிராவின் கண், ஆதிராவின் பாதிச் சிரிப்பு. விரல்கள் கரைந்து மொட்டையாகிப்போன இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி, என்னைத் தூக்கு என்று அது அவளைப் பார்த்தபடியே நின்றது.