தெற்கு வயலிலிருந்து வந்த பதில்

படகு கரையைத் தொடும் முன்பே தாமசின் தன் கணவனின் குரலைக் கேட்டுவிட்டாள்.

காலை நேரம். வர்ஜீனியாவின் அந்த ஆற்றின்மேல் மூடுபனி கனத்துக் கிடந்தது. ஹார்விக் கோட்டையின் மர மதில் கண்ணுக்குத் தெரியவில்லை. முரசு அடித்து ஓய்ந்தது. பிறகு யாரோ பெயர்களை உரக்க வாசிக்கும் சத்தம் தண்ணீர்மேல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில்.

"ஜைல்ஸ் தோர்ன்."

"இருக்கேன்."

களைத்த குரல். ஆனாலும் அவன் குரல்தான். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த காவல் சாவடியில் மூன்று மாதம் துணி துவைத்துக் காத்திருந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. காய்ந்த பட்டாணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

படகுக்காரர்கள் கரையில் கால் வைக்கவில்லை.

"உள்ள வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றாள்.

"அங்க கஞ்சி இருந்தா நாங்க ஏம்மா இப்படி ஓடுறோம்?" என்றான் மூத்தவன். துடுப்பை அழுத்திப் பனிக்குள் போய்விட்டான்.

படகிலிருந்து அவள் தொண்ணூறுக்கும் மேல் பதில்களைக் கேட்டிருந்தாள். முற்றத்தில் நின்றவர்கள் முப்பது பேர்கூட இல்லை. எல்லார் கண்களும் குழிவிழுந்திருந்தன. அவித்த தோலின் நாற்றம் அடித்தது. அந்த முகங்களுக்குள் ஜைல்ஸின் முகம் இல்லை.

டார்கஸ் ஆட்லி என்ற விதவைதான் அவள் கையைப் பிடித்துத் தன் குடிசைக்குக் கூட்டிப்போனாள். அடுப்பருகே உட்காரவைத்து, தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, பிறகுதான் சொன்னாள். நவம்பர் பத்தொன்பதாம் தேதி. காய்ச்சல். போய் மூன்று வாரம் ஆகிறது.

"இல்லக்கா. இப்பத்தானே பதில் சொன்னாரு."

"அது இங்க ஒரு வழக்கம், பொண்ணே."

இறந்தவர்களைத் தெற்கு வயலில் புதைத்து, மேட்டைச் சமப்படுத்தி, மேலே கோதுமை விதைத்துவிட வேண்டும். சிலுவை கூடாது, கல் கூடாது. காட்டிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. காலையும் மாலையும் பெயர் வாசிக்கும்போது இறந்தவர் பெயரையும் விடாமல் வாசிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் அவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். இதெல்லாம் கோட்டையை ஆளும் சபையின் உத்தரவு. காட்டில் இருந்தவர்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள். அறுவடைக் காலத்தில் அவர்களுடைய சோளத்தைக் கோட்டைக்காரர்கள் கேட்டு வாங்கவில்லை. வீடுகளைக் கொளுத்திப் பறித்துக்கொண்டார்கள். செய்த பாவம் பயமாகத் திரும்பி வந்திருந்தது.

"நான் அஞ்சு ஆம்பளைக்குப் பதில் சொல்றேன்" என்றாள் டார்கஸ். "குரலை மாத்துறது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. என் புருஷன் இருந்தப்பவே எங்க வீட்டு ஆம்பளை நான்தான். உன் வீட்டுக்காரருக்கும் நான்தான் சொல்றது."

"அப்ப இன்னைக்குக் காலையில சொன்னது நீங்களா?"

டார்கஸ் கரண்டியால் வெறும் வெந்நீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று கிசுகிசுத்தாள். "முற்றத்துல நான் வாயே திறக்கல."

மறுநாள் எழுத்தர் ஆம்ப்ரோஸ் கிராவுடர் தாமசினின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். கணவன் பெயருக்கு அடுத்த வரியில் எழுதினார். மனிதர் கெட்டவர் அல்ல. பனியில் நின்று வாசிக்கும்போது தன் கம்பளிக் குல்லாயை நோயாளி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு நிற்பவர். ஆனால் உத்தரவு என்றால் உத்தரவு.

தாமசின் முற்றத்தில் நின்று உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில பெயர்களுக்கு உதடுகள் அசைந்தன. மற்ற பெயர்களுக்கு அசையவில்லை.

பதில்கள் மட்டும் நிற்கவில்லை.

மதிலுக்கு அப்பால், தெற்கு வயலிலிருந்து, ஈர மண்ணின் வாடையோடு ஒவ்வொன்றாக வந்தன. இளம் குரல், கிழட்டுக் குரல், இருமிக்கொண்டே ஒரு குரல். ஜைல்ஸின் குரலும் வந்தது. தச்சுப்பட்டறையில் பகல் முழுக்க மரம் அறுத்துவிட்டுத் தூங்குபவனை நள்ளிரவில் உலுக்கி எழுப்பினால் எப்படிப் பேசுவானோ, அப்படி. கோபம் இல்லை. எழுந்திருக்க முடியாதவன் எழுந்து நிற்கிற வேதனை.

நாளுக்கு இரண்டு முறை அவனை எழுப்பினார்கள்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. உயிரோடு இருந்தவர்கள் பதினேழு பேர் ஆனார்கள். பட்டாணி தீர்ந்தது, அதில் பாதியை அவள் பக்கத்துக் குடிசை நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தாள். பதில்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. வயலில் கோதுமை மட்டும் பச்சைப்பசேலென்று முளைத்து நின்றது.

ஒரு மதியம் அவள் எழுத்தரிடம் போனாள்.

"கிராவுடர் ஐயா, என் வீட்டுக்காரர் பேரை அடிச்சிடுங்க."

"சபை சொல்லாம ஒரு பேரையும் அடிக்க முடியாதும்மா."

"சபையில யார் இருக்கா?"

அவர் வயலின் பக்கம் பார்த்தார். "எல்லாரும் அங்கதான்."

"அப்ப யாருக்குப் பயந்து கூப்பிடுறீங்க?"

"எண்ணிக்கை குறைஞ்சா வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"காட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டுமா ஐயா கேக்குது? செத்தவங்களுக்கும் கேக்குதே. அவங்களைத் தூங்க விடுங்க."

கிராவுடர் பட்டியலை மடித்து வைத்தார். "வாசிப்பைக் குலைச்சா ஒரு வாரம் சாப்பாடு கிடையாது. எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. இந்தக் குளிருல ஒரு வாரம்னா உனக்கே புரியும்."

அவளுக்குப் புரிந்தது. அன்று மாலை முற்றத்தில் நின்றாள்.

"ஜைல்ஸ் தோர்ன்."

மதிலுக்கு அப்பால் மண் புரளும் சத்தம் கேட்டது. பதில் வருவதற்குள் அவள் பேசினாள்.

"ஜைல்ஸ் தோர்ன் செத்துட்டாரு. அவர் வேலை முடிஞ்சிடுச்சு. கர்த்தர் அவருக்கு ஓய்வு கொடுக்கட்டும். இனிமே யாரும் கூப்பிடாதீங்க."

பதில் வரவில்லை.

காற்றுகூட இல்லை. மறுநாளும் கிராவுடர் அந்தப் பெயரை வாசித்தார், மறுநாளும் மௌனம்தான். அவன் தூங்குகிறான். தாமசின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரம் டார்கஸ் தன் பங்கில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். ஒரு கைப்பிடி மாவில் பாதி.

"வேண்டாம்க்கா. உங்களுக்கே பத்தாது."

"சும்மா ஒண்ணும் தரல. நான் போனப்புறம் எனக்கும் அதையே சொல்லணும். நல்லா உரக்கச் சொல்லு. காது மந்தம் எனக்கு."

"உங்க புருஷனுக்கும் சொல்லட்டுமா?"

"சொல்லு. பாவம், போதும் அந்த ஆளுக்கு."

ஒன்பதாம் நாள் டார்கஸ் எழுந்திருக்கவில்லை. தாமசினும் இன்னொருவனும் அவளைப் போர்வையோடு இழுத்துப்போய்ப் புதைத்தார்கள். அன்று மாலை அவள் பெயர் வந்தபோது தாமசின் உரக்கச் சொன்னாள். டார்கஸின் கணவனுக்கும் சொன்னாள். இரண்டு பெயருக்கும் மௌனம். கிராவுடர் இம்முறை தண்டனை எதுவும் சொல்லவில்லை.

இரவு அவரே அவள் குடிசைக்கு வந்து வாசலில் நின்றார்.

"நாளைக்குக் காலையில எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடலாம்மா" என்றார். "நான் ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன். நீ சொல்லு. அப்புறம் அந்தத் தாளை எரிச்சிடுறேன்."

"நிச்சயமா ஐயா."

"ரொம்ப நாள் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றபடி போனார்.

காலையில் முரசு அடிக்கவில்லை.

தாமசின் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கிராவுடர் முரசின்மேல் கவிழ்ந்து கிடந்தார். வெறும் தலையில் பனி உறைந்திருந்தது. விரல்களுக்குள் பட்டியல், ஈரத்தில் மை கரைந்து ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு குடிசையாகப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே யாரும் அசையவில்லை; இரவுக் குளிர் எல்லாரையும் கொண்டுபோயிருந்தது.

அவள் ஒருத்திதான்.

எழுத்தரின் கண்களை மூடிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். யாருக்கும் அவருடைய சொந்த ஊர்கூடத் தெரியாது என்று நினைத்தாள். மெல்ல ஒரு ஜெபம் சொன்னாள்.

அப்போது வயலிலிருந்து கேட்டது.

"இருக்கேன்."

யாரும் வாசிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஒரு பெயர் சொல்லும் நேரம் இடைவெளி.

"இருக்கேன்."

மீண்டும் அதே இடைவெளி. டார்கஸின் இடம் வந்தபோது மௌனம்; அவள் கணவனின் இடத்திலும் மௌனம். பிறகு மீண்டும் குரல்கள் வரிசை தவறாமல் வந்தன. தாமசினுக்கு அந்த வரிசை மனப்பாடம். மற்றவர்களுக்காகச் சொல்ல வாயெடுத்தாள். காற்று மட்டும்தான் வந்தது. குரல் எழவில்லை.

ஜைல்ஸின் இடம் வந்தது.

மௌனம். ஆழமான, நல்ல மௌனம்.

கர்த்தரே, அவர் தூங்குகிறார்.

அடுத்த வரி யாருடையது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். குடிசைகளைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். தனக்காக அந்த வார்த்தைகளைச் சொல்ல எங்கேயும் ஒரு மனிதர் இல்லை.

ஒரு பெயர் சொல்லும் நேரம் கழிந்தது.

"இருக்கேன்" என்றது அவளுடைய குரல், கோதுமைக்கு அடியிலிருந்து.