ஒன்பதாம் படுக்கை

மேசைமேல் கழற்றிப் போட்டிருந்த மருத்துவமனை மானிட்டரில் கரண்ட் ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனாலும் கிளாடிஸின் கணினித் திரையில், ‘படுக்கை 9’ என்ற பெயருக்கு நேரே, நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்று வந்துகொண்டிருந்தது.

பழைய பதிவாக இருக்கும் என்று அழித்தாள். மறுபடி வந்தது.

மானிட்டரைக் கொண்டுவந்த மருத்துவமனை டெக்னீஷியன் பாலுசாமி நனைந்த ரெயின்கோட்டோடு வாசலிலேயே நின்றார். போன வாரம் அந்தப் படுக்கையில் காங்கேயத்துக்காரர் ஒருவர் இறந்தபோது அலாரம் அடிக்கவில்லை.

“நான் ஒயரைச் சரியாச் சொருகலைன்னு எழுதிப்போட்டாங்க அம்மணி. இனி வரவேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒருக்காப் பாத்துச் சொன்னீங்கன்னா...”

“பாக்கறேனுங்ண்ணா.” அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

தப்பு ஒயரில் இல்லை. மானிட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நெட்வொர்க் பகுதி, கம்பெனிக்காக அவள் எழுதியது. நிரலின் ஒரு பகுதி இணைப்பை மூடி நினைவகத்தில் அதன் இடத்தைக் காலி செய்யும்போதே, இன்னொரு பகுதி அதே இடத்தில் எழுத வரும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. முறை மாறினால் மொத்தமும் உறைந்துவிடும்; அலாரமும் அடிக்காது. அவளுக்குத் தெரியும். ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் பூட்டை முறையாகப் போடாமல், சின்னத் தாமதம் ஒன்றை வைத்து மறைத்துவிட்டு, கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

பாலுசாமியின் ஸ்கூட்டர் சத்தம் மழைக்குள் கரைந்துபோனது. போத்தனூர்ப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாததுபோல் கடகடத்துக்கொண்டிருக்க, ஏசியின் குளிரில் ஈரத்துணி வாடையோடு மருந்து வாடையும் மெல்லக் கலந்து அறையெங்கும் பரவ, காது மடல் சுட, பூட்டை இப்போதுதான் ஒழுங்காக எழுதினாள். கணினியிலேயே ஓட்டிப் பார்த்தாள். உறையவில்லை. எல்லா இணைப்புகளும் வரிசையாக மூடிக்கொண்டன.

ஒன்பதைத் தவிர.

அறுபது. நாற்பத்தைந்து.

கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். முப்பத்தொன்று.

ரயில் சத்தம் நின்றிருந்தது. மழையும். யாரோ மூச்சை இழுத்தார்கள். சளி கட்டிய மூச்சு. மேசைக்கு அந்தப் பக்கம்.

பன்னிரண்டு.

போனை எடுத்தாள். பாலுசாமியின் பெயர் தெரிந்தது. உங்கள்மேல் தப்பில்லை என்று சொன்னால் போதும். கட்டைவிரல் பெயரின்மேல் நின்றது. அழுத்தவில்லை. இந்தப் பயத்திலும் வெட்கம்தான் முந்தியது.

பூஜ்யம்.

மானிட்டரிலிருந்து தொங்கிய, நாடி பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் வாய், யாரோ விரலை நுழைப்பதைப்போல, மெதுவாகத் திறந்தது.

திறந்தபடியே நின்றது.